ஆயிரம் ரூபாய்க்குள் வீட்டுக் காய்கறித் தோட்டம்: சேலத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

சேலத்தில் வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் பை வாங்குகிறார்கள். அப்புறம் இரும்பு ஸ்டாண்ட், பச்சை வலை, பூவாளி என்று செலவு நீள்கிறது. மண்ணைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் கையில் காசு இருப்பதில்லை. கிடைத்த மண்ணை நிரப்பி, நினைத்த மாதத்தில் விதையைத் தூவிவிடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். காசு மண்ணுக்குப் போகட்டும். விதைப்பது பட்டம் (அந்தந்தப் பயிருக்கு ஏற்ற விதைப்புக் காலம்) பார்த்து நடக்கட்டும். மற்றதையெல்லாம் வீட்டில் கிடக்கிற பொருளை வைத்தே சமாளித்துவிடலாம். மாடியில் 12 தொட்டி, அல்லது வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 10 அடி இடம் என்ற அளவில் தொடங்க ஆயிரம் ரூபாய் போதும்.

முதலில் இடம் பாருங்கள்

காசு எடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் வெயிலைக் கவனியுங்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என மூன்று நேரம் பார்த்தால் போதும். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று நான்கு மணி நேரம் போதும். நம் ஊரில் காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கம்தான் செடிக்கு நல்லது. மேற்குச் சுவரை ஒட்டி வைத்தால், பங்குனி சித்திரையில் சுவர் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் செடிமேல் விடும்.

தரையில் கொஞ்சமாவது மண் இடம் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். தொட்டிச் செலவு கிடையாது, தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும், மண்புழு தானாக வரும். மாடி என்றால் எடையை யோசிக்க வேண்டும். 20 லிட்டர் வாளியில் நனைந்த கலவை 20 கிலோவுக்கு மேல் இருக்கும். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் பீமும் தாங்குகிற ஓரங்களில் வரிசையாக வையுங்கள். அடியில் செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது, தளமும் பழுதாகாது. ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் கூரை மீது வைக்கவே கூடாது.

மண்: சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இதில்தான் பொதுவான வழிகாட்டிகள் நம்மைக் கைவிடுகின்றன. சேலத்தைச் சுற்றிப் பெரும்பாலும் செம்மண்தான். ஆனால் நகரத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் நடுவே, கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம், வெள்ளை வெளேரென்று கரடு தெரியுமே, அது மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கிற பூமி. அந்தப் பக்கத்து மண்ணில் மெக்னீசியம் தேவைக்கு மேல் இருக்கும், காரத்தன்மையும் கூடுதல். மெக்னீசியம் மிகுந்த மண்ணில் செடியின் வேர் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, எடுக்கத் தடுமாறும்.

அதன் அடையாளம் தக்காளியில் நன்றாகத் தெரியும். காய் பார்க்கச் செழிப்பாக இருக்கும், கையில் எடுத்துத் திருப்பினால் அடிப்பக்கம் பழுப்பாக அமுங்கி, தோல் மாதிரி காய்ந்து கிடக்கும். பூச்சி இருக்காது, புழு இருக்காது. பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். இது கால்சியம் போதாமல் வருவது. தண்ணீரை ஒரு நாள் நிறைய விட்டு மூன்று நாள் மறந்தாலும் இதேதான் நடக்கும். ஏனென்றால் கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேருகிறது.

இதற்குக் கால்சியம் தருகிற ஜிப்சம் போதும். நிலக்கடலை போடும் விவசாயிகள் வாங்குகிற அதே ஜிப்சம்தான், எந்த உரக்கடையிலும் சில்லறையாகக் கிடைக்கும். 10 சதுர அடிக்கு 50 கிராம், தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி என மண் தயாரிக்கும்போதே கலந்துவிடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதில் தவறில்லை, ஆனால் அது கரைந்து பலன் தர மாதக்கணக்காகும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடியோக்களில் இலை மஞ்சளானால் எப்சம் உப்பு போடச் சொல்வார்கள். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிற மண்ணில் அதைக் காசு கொடுத்து வாங்கிப் போடக் கூடாது. இந்தப் பக்கத்தில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் காரமண்ணில் இரும்புச் சத்து கிடைக்காததால் வருவது. மக்கிய எரு கூடக் கூட அது சரியாகும்.

மலை ஏறினால் கதை மாறிவிடுகிறது. சேர்வராயன் மலை உச்சிப் பகுதி பாக்சைட் கிடைக்கிற பூமி, மண் புளிப்புத் தன்மை உள்ளது. காபித் தோட்டக்காரர்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது அதனால்தான். ஏற்காட்டில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேளாண் சுண்ணாம்போ டோலமைட்டோ கலக்கலாம், அடுப்புச் சாம்பலும் போடலாம். கருப்பூர் பக்கம் அதே சாம்பலைப் போட்டால் காரம் இன்னும் ஏறும். ஒரே மலையின் மேலும் கீழும் வைத்தியம் நேர் எதிர்.

சந்தேகமாக இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனைக்கு விசாரியுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திய அரை கிலோ மண் போதும். வீட்டிலேயே செய்து பார்க்க எளிய வழியும் உண்டு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டுத் தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும், களி மறுநாள் வரை கலங்கி நிற்கும். களி அதிகம் என்றால் தென்னை நாரும் எருவும் கூடப் போடுங்கள். மணல் அதிகம் என்றால் எரு மட்டும் கூடினால் போதும்.

கலவை தயாரிப்பது

அளவு எளிது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்த் தூள் ஒரு பங்கு. தொட்டி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. 5 கிலோ நார்க் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பி வரும். 20 லிட்டர் தொட்டி 12-க்கு அது ஒன்றே போதும். கட்டியை ஊறவைத்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். தண்ணீர் விட்டுப் பிழிந்து கொட்டி, பழுப்பு நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

எருவை வாங்கும்போது கையை விட்டுப் பாருங்கள். குவியலுக்குள் சூடு இருந்தால், சாண வாடை அடித்தால், அது இன்னும் மக்கவில்லை. பச்சை எரு வேரைச் சுடும், வெள்ளைப் புழுவையும் கூடவே கொண்டுவரும். மக்கிய எரு கையில் உதிரும், மழை பெய்த மண் வாசனைதான் வரும். ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் விடாதீர்கள். சத்து அதிகம், விலையும் குறைவு. ஆனால் உருண்டையாக அப்படியே போட்டால் கரைய நாளாகும். தட்டிப் பொடித்து, தண்ணீர் தெளித்து ஒரு மாதம் மூடி வைத்துப் பயன்படுத்துங்கள்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திப்பி மலிவாகக் கிடைக்கும். மரவள்ளியிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சுவது, மாட்டுக்குத் தீவனமாகப் போவது. அதை நேராக மண்ணில் கலக்க வேண்டாம். புளித்துச் சூடேறி, செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் (நைட்ரஜன்) அது இழுத்துக்கொள்ளும். சாணக் கரைசல், பச்சை இலை, திப்பி என அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் நல்ல உரமாகும்.

கலவையைத் தயாரித்ததும் ஈரப்படுத்திப் பத்து நாளாவது நிழலில் விடுங்கள். இந்தப் பொறுமை இருந்தால் பின்னால் பாதித் தொல்லை இல்லை.

சமையலறைக் கழிவை வீணாக்காமல் ஒரு பெயிண்ட் வாளியில் சுற்றிலும் துளை போட்டு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு, காய்ந்த இலை இரண்டு அடுக்கு என்று போட்டு வாருங்கள். வாரம் ஒருமுறை கிளறி, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் இரண்டு மாதத்தில் உரம். வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.

தொட்டி

20 லிட்டர் பெயிண்ட் வாளி, உடைந்த குளியல் தொட்டி, தண்ணீர் கேன், மீன் வரும் தெர்மகோல் பெட்டி, எல்லாம் ஆகும். பழைய இரும்புக் கடையில் வாளிகள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்த டப்பா மட்டும் வேண்டாம். அரிசிச் சாக்கு நம் வெயிலில் ஒரு வருடத்துக்குள் நைந்து உதிரும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். கீரைக்கு அரை அடி ஆழம், மற்ற காய்களுக்கு ஒரு அடி. அடியில் நாலைந்து துளை போட்டு, தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பி, மேலே கலவை நிரப்புங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள்.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை (கிட்) மானிய விலையில் தருவது உண்டு. பை, தென்னை நார், விதை, உயிர் உரம் சேர்ந்தே வரும். ஒதுக்கீடு வரும்போது சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பட்டம் பார்த்து விதைப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது காட்டுக்கு மட்டுமல்ல, மொட்டை மாடிக்கும்தான். சேலத்தில் மழை அதிகம் கிடைப்பது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆடியில் விதைத்தால் செடி வளரும் காலம் முழுக்க வானமே தண்ணீர் விடும். வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கன், சுரை, பூசணி எல்லாம் இந்தப் பட்டத்தில் வரும்.

கொடி அவரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூ வரும். ஆடியில் போட்ட கொடி மார்கழி தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தை முடிந்து போட்டால் பந்தல் நிறையக் கொடி ஓடும், இலை அடர்ந்து நிற்கும், பூ மட்டும் வராது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டால் இன்னும் இலைதான் கூடும். குத்து அவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது, பெரும்பாலும் எப்போதும் போடலாம்.

ஐப்பசி மழையில் சிறு நாற்றும் கீரையும் அடிபடும், மேலே ஒரு மறைப்பு கொடுங்கள். கார்த்திகை, மார்கழிக் குளிரில் முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, காலிஃபிளவர், தக்காளி நன்றாக வரும். தைப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி போடலாம். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும், அதற்கு மருந்து தேடி அலையாதீர்கள். அந்த வெயில் காலத்தில் பழைய வேட்டியை நிழலாகக் கட்டி, தண்டுக்கீரை, பசலை, கொத்தவரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் பீன்ஸ், கேரட், கோஸ் போடலாம். சௌசௌவுக்கு விதை வாங்க வேண்டியதே இல்லை. முற்றிய காய் ஒன்றை முளைவிடும் வரை வைத்திருந்து முழுசாக நட்டால் பந்தல் முழுக்க ஏறும்.

விதையும் நாற்றும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையில் தொடங்குங்கள். தண்டுக்கீரை, சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். கையில் பலன் வந்துவிட்டால் அடுத்த வேலை செய்ய மனசு வரும். வெந்தயமும் தனியாவும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. தனியாவை உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய புதினா, பொன்னாங்கண்ணிக் கட்டில் தழையை ஆய்ந்த பிறகு தண்டை நட்டால் தழைக்கும். சர்க்கரைவள்ளிக் கொடி, சேப்பங்கிழங்கு, முருங்கைப் போத்து, கறிவேப்பிலைப் பக்கக் கன்று, இவற்றுக்கெல்லாம் காசு தேவையில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று விட வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். நாலு செடிதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றாக வாங்குவதே சிக்கனம், ஒரு நாற்று ஓரிரு ரூபாய்தான். அடுத்த வருடம் விதை எடுக்க நினைக்கிறவர்கள் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம் வாங்காமல் பி.கே.எம். 1 தக்காளி மாதிரியான ரகமோ நாட்டு ரகமோ பார்த்து வாங்குங்கள்.

விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் தெளியுங்கள். எறும்பு இழுத்துப் போகும். ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவிவிட்டால் அது நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும், விதை பிழைக்கும். வெண்டை, பாகல் விதையை ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். நாற்றை எப்போதும் மாலையில் பிடுங்கி நடுங்கள்.

தண்ணீர்

குழாயில் வருகிற மேட்டூர்க் காவிரித் தண்ணீர் செடிக்கு நல்லது, ஆனால் நினைத்த நேரத்தில் வராது. போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அதை மட்டுமே விட்டால் மண்ணின் மேலும் தொட்டியின் துளை ஓரத்திலும் வெள்ளையாகப் படியும். அப்படிப் படிந்தால் மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மழையிலோ நல்ல தண்ணீரிலோ அடித்துளை வழியே ஓடும்வரை நனைத்து அலசுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், செடிக்கு வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரும் ஏசி தண்ணீரும் தாராளமாக விடலாம்.

விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காலை எட்டு மணிக்குள் ஊற்றுவது உத்தமம். கடலைத் தோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை, எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். சேலத்து வெயிலில் மூடாக்குப் போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

உரமும் பூச்சியும்

பதினைந்து நாளைக்கு ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய உரம். பூ எடுக்கும் நேரத்தில் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி.

பூச்சிக்குத் தினமும் ஐந்து நிமிடம் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் முதல் மருந்து. அசுவினி, மாவுப்பூச்சி கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். கூடினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை போல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். செடியைப் பிடுங்கிவிடுங்கள், காப்பாற்ற முடியாது. கத்தரியில் பக்கத்துக் கிளையெல்லாம் நிமிர்ந்திருக்க ஒரு நுனி மட்டும் வாடித் தொங்கினால், அந்த நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பில் சின்னப் புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் போட்டு அழித்தால் காய்க்கு வராமல் தடுக்கலாம்.

பூசணி, சுரை பூத்தும் பிஞ்சு உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவில் தொட்டுத் தடவுங்கள். பூசணிக்கு விடிகாலையில், சுரைக்கும் பீர்க்கனுக்கும் பூ விரிகிற மாலையில். ஓரத்தில் இரண்டு செண்டுமல்லி வைத்தால் தேனீ தேடி வரும்.

செலவுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், தோராயமாக இப்படி வரும். தென்னை நார்க் கட்டி 200, எரு இரண்டு மூட்டை 250, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ 100, ஆறு வகை விதையும் நாற்றும் 150, ஜிப்சம் 20, வேப்ப எண்ணெய் 60. மொத்தம் 780. செம்மண்ணும் வாளியும் வெளியில் வாங்க வேண்டியிருந்தால் மிச்சம் 220 இருக்கிறது. தரையில் போடுகிறவர்களுக்கு நார்க் கட்டி தேவைப்படாமலும் போகலாம்.

அடுத்த பட்டத்துக்கு

இரண்டாம் வருடம் விதைக்குச் செலவு இருக்கக் கூடாது. ஒவ்வொரு காயிலும் நல்ல செடி ஒன்றில் இரண்டு காயை விதைக்கென்று விட்டுவிடுங்கள், நூல் கட்டி அடையாளம் வைத்தால் வீட்டில் யாரும் பறிக்க மாட்டார்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டையும் அவரையும் செடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். தக்காளி விதையை வழவழப்போடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவைத்து அலசினால் சுத்தமாகப் பிரியும். நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, காகிதத்தில் மடித்து, பெயரும் மாதமும் எழுதி டப்பாவில் போடுங்கள்.

காய்ப்பு ஓய்ந்த தொட்டி மண்ணைக் கொட்ட வேண்டாம். வேரை எடுத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் பரப்பி, கால் பங்கு புது எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் மறுபடி தயார். தக்காளி இருந்த தொட்டியில் அடுத்துக் கத்தரியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மண்ணிலேயே தங்கி அடுத்ததைப் பிடிக்கும். அங்கே கொத்தவரையோ அவரையோ போடுங்கள், வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.